கறுப்பு வெள்ளைப் படம்: எந்த மை, எந்தக் கடதாசி?

கறுப்பு வெள்ளைப் படத்தில் மங்கலை விட நிறமாற்றம்தான் முதலில் கண்ணில் படும். சுவரில் மாலையோடு தொங்கும் அப்பப்பாவின் படம் கொஞ்ச நாளில் சிவந்தோ பச்சை தட்டியோ தெரிந்தால், அதிலிருந்த சாம்பல் நிறம் சாம்பல் மையால் வந்ததல்ல. சியான் (பச்சை கலந்த நீலம்), மஜெந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள் கலந்து வந்தது. அவற்றில் ஒன்று முந்திப் போய்விட்டது, மற்றவை மிஞ்சி நிற்கின்றன. ஆகவே பிரிண்டர்களை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது, சாம்பலுக்குள் எவ்வளவு வண்ண மை ஒளிந்திருக்கிறது என்பதைத்தான்.

அந்தக் கணக்கில் கடைசி இடம் எப்சன் எல்805, எல்1800 போன்ற டேங்க் பிரிண்டர்களுக்கு. ஆறு நிற டை மை, சாம்பல் மை கிடையாது. டை என்பது நீரில் கரைந்த சாயம், மூலக்கூறு மூலக்கூறாக வெயிலுக்கும் காற்றுக்கும் இரையாகும். அதை உடனே காயும் மைக்ரோபோரஸ் கிளாஸி கடதாசியில் அடித்தால் இன்னும் மோசம். அந்தப் பூச்சின் நுண்துளைகள் மையைக் குடிப்பது போலவே, காற்றிலிருந்து சாயத்தை அழிக்கும் ஓசோன் வாயுவையும் உள்ளே விடும். 2000ஆம் ஆண்டு எப்சன் ஸ்டைலஸ் போட்டோ 1270இல் அடித்த படங்களில் சியான் போய், செம்மஞ்சள் ஏறியது இப்படித்தான். திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஜன்னலைத் திறந்து போட்டு வாழும் வீடுகளில், கண்ணாடி போடாத டை படம் பகலெல்லாம் காற்றில் கிடக்கிறது. மலிவான போத்தல் மை என்றால் பேச்சே வேண்டாம்.

கனன் புரோ-200, எப்சன் இடி-8550 இரண்டும் பெரும்பாலும் டை மைதான், ஆனால் சாம்பல் மை இருப்பதால் வண்ணக் கலப்பு குறையும். நிறமாற்றம் மெதுவாகும், அவ்வளவுதான்.

பிக்மென்ட் மை, அதாவது கரையாத நுண்துகள்களால் ஆன மை, வேறு சாதி. 2005இல் ஆர்2400 பிரிண்டருடன் வந்த எப்சன் கே3 மைத்தொகுதியில் கறுப்பு, வெளிர் கறுப்பு, மிக வெளிர் கறுப்பு என்று மூன்று படிகள். பிரிண்டரின் கறுப்பு வெள்ளை முறையில் அடித்தால் படத்தின் பெரும்பகுதி இந்த மூன்றால் ஆனது, வண்ண மை தொட்டுக்கொள்ள மட்டும். கறுப்பு பிக்மென்ட் கார்பன். ஏட்டுச் சுவடிகளின் எழுத்தில் பூசிய கரியும் அதே கார்பன்தான், வெளிச்சம் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் அழகுக்காக செபியா எனும் பழுப்புச் சாயலைத் தெரிவு செய்தால் மஞ்சள் மை கூடுதலாக இறங்கும், கே3இல் பலவீனமான நிறம் அதுதான். நடுநிலைச் சாம்பலோடு நிறுத்துவதே புத்தி. அமெரிக்காவின் ஜோன் கோன் உருவாக்கிய பியசோகிராஃபி கார்பன் மைகள் இன்னும் உறுதி. ஆனால் தனி மென்பொருள், தனி பராமரிப்பு, அதற்கென்று ஒரு பிரிண்டர் என்று போகும். பிக்மென்ட்டுக்கு ஒரு தொல்லையும் உண்டு: கச்சான் வீசும் மாதங்களில் பாவிக்காமல் விட்டால் மை தெளிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும்.

சரி, கடதாசி. பளீரென்ற வெள்ளையைப் பார்த்து மயங்க வேண்டாம். பல கடதாசிகளில் அந்த வெள்ளை, புற ஊதாக்கதிர் பட்டு ஒளிரும் ஒளிர்வூட்டிச் சாயத்தால் வருவது. அது செத்ததும் கடதாசி தன் இயல்பான மஞ்சளுக்குத் திரும்பும். கறுப்பு வெள்ளையில் வெளிச்சமான பகுதிகளே முதலில் காட்டிக்கொடுக்கும். கான்சன் ராக் ஃபோட்டோகிராஃபிக் போன்ற, அந்தச் சாயமில்லாத பருத்திக் கடதாசி இந்தச் சிக்கலில் இருந்து தப்பும். என்றாலும் மாரி மழைக்கு அது ஈரம் குடிக்கும், பூஞ்சணம் பிடிக்கும், தடவினால் கறுப்பு உரசும். ஆர்சி எனப்படும் பிளாஸ்டிக் பூசிய கடதாசி ஈரத்தைத் தாங்கும். பருத்தியில் டையா, ஆர்சியில் பிக்மென்ட்டா என்றால் நான் இரண்டாவதையே எடுப்பேன். கடதாசியை விட மைதான் முக்கியம்.

பெட்டியில் போட்டிருக்கும் வருடக் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். படங்கள் எத்தனை வருடம் நிலைக்கும் என்று சோதிக்கும் வில்ஹெல்ம் ஆய்வகத்தின் கணிப்பு நாளொன்றுக்கு 12 மணிநேரம், 450 லக்ஸ் வெளிச்சம் என்ற அடிப்படையில். நம் விறாந்தையில் பகலில் சில ஆயிரம் லக்ஸ் சாதாரணம்.

31ஆம் நாள் கிரியைக்கு அவசரமாக ஒரு படம் வேண்டுமென்றால் டேங்க் பிரிண்டரே போதும். தலைமுறைக்குத் தொங்க வேண்டியதென்றால் ஸ்டூடியோவில் மையைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே மவுண்ட் (இடைவெளி விடும் அட்டைச் சட்டம்) வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் இரண்டும் ஒட்டிவிடும். ஸ்கேன் செய்த கோப்பையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.