கணுக்கால் சுளுக்கு: உருவுவதா, கட்டுவதா, பிசியோவா?

வரப்பு வழுக்கிப் பாதம் உள்பக்கமாக மடங்கினால், பெரும்பாலும் அடிபடுவது கணுக்காலின் வெளிப்பக்கத் தசைநார். அதற்கு டெல்டாவில் மூன்று வழி உண்டு. எதில் இறங்கும் முன்னும் எலும்பைப் பார்த்துவிட வேண்டும். ஊன்றி நாலு எட்டு வைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் முட்டின் பின்விளிம்பில் கீழ்நுனியிலிருந்து 6 செ.மீ.க்குள் அழுத்தினால் எலும்பே வலித்தாலோ முதலில் எக்ஸ்ரேதான்.

எண்ணெய் போட்டு உருவுவதில் கோளாறு கையில் இல்லை, நாளில். முதல் மூன்று நாள் உள்ளே ரத்தம் கசியும். அப்போது உருவினால் வீக்கம் கூடும். ஒரு வாரம் கழித்து, இறுகிய கெண்டைக்காலை நீவிவிட்டால் சுகம்தான்.

உளுந்துமாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்த பற்றுக்கட்டு ஆட்டத்தை நிறுத்தும். ஆனால் காய்ந்தபின் இளகாது. உள்ளே வீங்கினால் விரல் மரத்து நீலம் பாயும். அதைவிட கிரேப் பேண்டேஜ் (இழுத்தால் நீளும் துணிக்கட்டு) மேல். விரலடியிலிருந்து மேலேறி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூடட்டும். பெருவிரல் நகத்தை அழுத்திக் கையை எடுத்தால் இரண்டு விநாடியில் சிவப்பு திரும்ப வேண்டும், இல்லையென்றால் தளர்த்துங்கள். வாரக்கணக்கில் கட்டியே வைத்தால் மூட்டு இறுகும், கெண்டை வற்றும்.

இறுகிய மூட்டைத் திறக்கப் பிசியோவின் கைதான் தோது. சுவரைப் பார்த்து நின்று, குதிகால் எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொடச் சொல்வார். நல்ல காலின் விரல்நுனி சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளியும் எட்டுகிறது, அடிபட்டது 6-லேயே நிற்கிறது என்றால் இறுக்கம். கணுக்கால் மடிப்புக்குக் கீழே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவிலுள்ள கைக்கவட்டையை வைத்துப் பாத எலும்பைப் பின்னே தள்ளிப் பிடித்தபடி, முழங்காலை முன்னே மடக்க வைப்பார். பத்து முறை, இரண்டு மூன்று சுற்று. வலிக்கக் கூடாது, வலித்தால் பிடி மாற வேண்டும். எழுந்ததும் அளந்தால் பலருக்குக் கொஞ்சம் கூடியிருக்கும். பயிற்சி செய்யாவிட்டால் அது தங்காது.

அடிக்கடி தானே மடங்கும் தளர்ந்த காலுக்கு இந்தத் தள்ளலோ சொடக்கோ வேண்டாம். அதற்கு வேண்டியது பிடிமானம். பழைய சைக்கிள் டியூபைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கம் இழுப்பது, 15 முறை, மூன்று சுற்று. ஒற்றைக்காலில் 30 விநாடி நிற்பது. பிறகு கண்ணை மூடி, பிறகு மடித்த மெத்தைமேல். குறைந்தது ஆறு வாரம். பிசியோ என்று கரண்ட் மிஷினை மட்டும் வைத்து அனுப்புகிற இடத்துக்கு உருவுகிறவரே மேல்.

வலி போனதுமே நடவுக்கு இறங்குவதுதான் பெரிய தப்பு. சேறு பாதத்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பு திரும்பும். அந்த முறுக்கு முழுதும் கணுக்காலில் விழும். ஒற்றைக்காலில் குதிகாலை உயர்த்தி இறக்குவது நல்ல காலுக்குச் சமமாக வரும்வரை காய்ந்த வரப்போடு நிறுத்துங்கள்.