24 மணி நேர பிரஷர் கருவி: பார்வை நரம்புக்காக இரவு ரீடிங் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

கண் அழுத்தம் 14, 15 என்று கட்டுப்பாட்டில்தான் இருக்கும். ஆனாலும் ஒவ்வொரு பார்வைப் பரப்புச் சோதனையிலும் மறைப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகும். இப்படிப்பட்ட கிளாக்கோமாக்காரர்களுக்கு, அதாவது பார்வை நரம்பு மெல்ல மெல்லப் பழுதாகும் நோய் உள்ளவர்களுக்கு, 24 மணி நேரமும் ரத்த அழுத்தத்தை அளக்கும் பிரஷர் கருவியைக் கையில் கட்டிப் பார்ப்பது நிச்சயம் பயனுள்ளது. கிளினிக்கில் காலை 11 மணிக்கு எடுக்கும் ரீடிங், அதிகாலை 3 மணிக்கு நடப்பதைச் சொல்லாது.

தூக்கத்தில் பிரஷர் 10 முதல் 20 சதவீதம் இறங்குவது இயல்பு. 20-ஐத் தாண்டினால்தான் கவலை. ஒரு கணக்கு: பகல் சராசரி 124/78, இரவு சராசரி 98/58 என்றால் மேல் அளவு 21 சதவீதம் விழுந்திருக்கிறது. படுத்தால் கண் அழுத்தம் கூடும்; உட்கார்ந்திருக்கையில் 16 என்றால் படுக்கையில் 19 என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ் அளவில் கண் அழுத்தத்தைக் கழித்தால் நரம்புக்கு ரத்தத்தைத் தள்ளும் விசை கிடைக்கும். பகலில் 62, இரவில் 39. ஆரோக்கியமான ரத்தக் குழாய்கள் இந்தச் சரிவைத் தாமே சமாளித்துக்கொள்ளும், பழுதுபட்டவை தடுமாறும். இரவு பிரஷர் வீழ்ச்சிக்கும் பார்வை நரம்புப் பாதிப்புக்கும் உள்ள தொடர்பை கண் மருத்துவ ஆய்வாளர் சோஹன் சிங் ஹைரே 1994-லேயே விரிவாக எழுதினார்.

கருவி பகலில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறையும், இரவில் 30 முதல் 60 நிமிடத்துக்கு ஒரு முறையும் ஊதும். இரவில் குறைந்தது 7 நல்ல ரீடிங் வேண்டும். அதற்கும் குறைவாக வந்தால் அந்த ரிப்போர்ட்டை நம்பி மாத்திரையை மாற்றக் கூடாது. மறுபடி கட்ட வேண்டும்.

இந்தச் சோதனையில் அதிகம் ஏமாற்றுவது கையின் நிலைதான். இடது கையில் பட்டையைக் கட்டிக்கொண்டு வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் அந்தக் கை இதயத்துக்கு மேலே போய்விடும். 10 செ.மீ. உயர்ந்தால் ரீடிங் 7, 8 புள்ளி குறைத்துக் காட்டும். மேலே சொன்ன 98-இல் 8-ஐக் கூட்டினால் 106. வீழ்ச்சி 15 சதவீதத்துக்குள் வந்துவிடும், அதாவது இயல்பு! அதனால் முடிந்தவரை மல்லாந்து படுங்கள். முடியாவிட்டால் எந்தப் பக்கம் படுத்தீர்கள் என்றாவது எழுதி வையுங்கள். இன்னொன்று, பல கருவிகள் இரவு என்பதைக் குறிப்பிட்ட மணிக்கணக்காக வைத்துக்கொள்ளும். 12 மணிக்குத் தூங்குபவருக்கு 10 மணி முதல் இரவு என்று கணக்கிட்டால் வீழ்ச்சி குறைவாகத் தெரியும். தூங்கிய நேரம், எழுந்த நேரம், மாத்திரை, சொட்டு மருந்து போட்ட நேரம் எல்லாம் தாளில் இருக்க வேண்டும். பட்டை கைக்குப் பொருந்தவில்லை என்றால் மொத்தமும் வீண். சிறிய பட்டை அளவைக் கூட்டிக் காட்டும். ஊதும்போது விழிப்பு வந்தால் வீழ்ச்சி மறைந்துவிடவும் கூடும்.

வீழ்ச்சி உண்மை என்று தெரிந்ததும் முதலில் பார்க்க வேண்டியது படுக்கும் முன் போகும் மருந்துகள். இரவு பிரஷர் மாத்திரை, சிறுநீர் அடைப்புக்குத் தரும் டாம்சுலோசின் இரண்டுமே பிரஷரை இறக்கும். கண்ணுக்குள் நீர் சுரப்பைக் குறைத்துக் கண் அழுத்தத்தை இறக்கும் டிமோலால் சொட்டு மருந்தும் ரத்தத்தில் கலந்து பிரஷரையும் நாடித் துடிப்பையும் குறைக்கும். தூக்கத்தில் கண்ணுக்குள் நீர் சுரப்பது ஏற்கெனவே குறைவு என்பதால் டிமோலாலின் இரவு வேளையால் கண்ணுக்குப் பெரிய லாபமும் இல்லை. அதைக் காலைக்கு மாற்றலாமா என்று கண் மருத்துவரைக் கேளுங்கள். எந்தச் சொட்டானாலும் போட்டவுடன் கண்ணை மூடி, மூக்கோர முனையை 2 நிமிடம் விரலால் அழுத்திப் பிடித்தால் ரத்தத்தில் கலப்பது குறையும்.

பிரஷர் மாத்திரையை மட்டும் தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். பக்கவாதமும் மாரடைப்பும் காத்திருக்கின்றன. இதய மருத்துவரும் கண் மருத்துவரும் ஒரே ரிப்போர்ட்டைப் பார்த்து நேரத்தை மாற்றட்டும். மாற்றிய சில வாரம் கழித்துக் கருவியை மறுபடி கட்டுங்கள்.

காலையில் எழுந்ததும் ஒரு கண்ணில் வலியில்லாமல் மேல்பாதியோ கீழ்பாதியோ மறைத்தால் எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்காமல் அன்றே கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.