சிறுநீர்ப்பைப் பயிற்சி: ஓராண்டு தாண்டிய அனுபவம்

இருமினால், தும்மினால் சிறுநீர் கசிவது ஒரு வகை. திடீரென்று முட்டிக்கொண்டு வந்து, பாத்ரூம் போவதற்குள் கசிந்துவிடுவது இன்னொரு வகை. எனக்கு இருந்தது இரண்டாவது. மின்தூக்கியில் ஏறும்வரை ஒன்றும் இருக்காது. வீட்டுக் கதவில் சாவியைப் போட்டதும் நிற்க முடியாது.

பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்தார்கள். கிருமித்தொற்று இருந்தாலும் இப்படி வருமாம். அது இல்லை என்றதும் மூன்று நாள் குறிப்பு எழுதச் சொன்னார்கள்: என்ன குடித்தேன், எப்போது போனேன், எத்தனை மில்லி, கசிந்ததா. அளவுக் குவளையில் பிடித்துப் பார்ப்பது சங்கடம்தான். ஆனால் விஷயம் அதில்தான் வெளிப்பட்டது. முந்நூறு, நானூறு மில்லி தாங்கக்கூடிய சிறுநீர்ப்பை. நான் நூறு, நூற்றைம்பதுக்கே ஓடிக்கொண்டிருந்தேன்.

அதற்குச் சொன்ன பயிற்சி இவ்வளவுதான்: ஒரு தடவை போனதற்கும் அடுத்த தடவைக்கும் நடுவே இப்போது தாங்க முடிகிற இடைவெளியில் தொடங்கி, அது பழகியதும் 15 நிமிடம் கூட்டுவது. மூன்று, நான்கு மணி நேரம்வரை போக வேண்டும். குறைந்தது 6 வாரமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். முதல் இரண்டு வாரம் எனக்குச் சலிப்புதான் மிச்சம்.

கஷ்டம் எல்லாம் அந்த அவசரம் வரும் நொடியில். குழாயைத் திறந்து அரிசி களைந்தால் போதும், வந்துவிடும். தாதி சொன்னது இது: “ஓடாதீங்க ஆன்ட்டி. அப்படியே நில்லுங்க. அடக்குற மாதிரி கீழ்த் தசைய டக்கு டக்குனு அஞ்சாறு தடவ சுருக்கி விடுங்க. அடங்கினப்புறம் மெதுவா நடந்து போங்க.” அந்தத் தசை சுருங்கும்போது பையின் தசை தளர்ந்து கொடுக்கிறது. களைந்த அரிசியைக் கையில் வைத்தபடி ஏழின் வாய்ப்பாட்டைப் பின்னாலிருந்து சொல்லிப் பார்ப்பேன். பெரும்பாலும் முடிவதற்குள் அடங்கிவிடும்.

விடக் கடினமாக இருந்தது, ‘எதுக்கும் ஒரு தடவை போயிட்டு வந்துடலாம்’ என்கிற பழக்கம். சின்ன வயதிலிருந்தே கிளம்பும்போதெல்லாம் அம்மா சொன்னது. சிங்கப்பூரில் எங்கே திரும்பினாலும் கழிப்பறை இருப்பதால் பழக்கம் இன்னும் ஊறிவிட்டது. நிறையும் முன்பே காலி செய்தால், பை கொஞ்சத்துக்கே கூப்பிடப் பழகிவிடுகிறது.

அப்புறம் தேநீர். காலையில் ஒன்றோடு நிறுத்தினேன், வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. தண்ணீரைக் குறைக்கக் கூடாது. சிறுநீர் அடர்ந்தால் பைக்கு உறுத்தல் கூடும், மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும்.

இப்போது பகலில் மூன்று மணி நேரம் தாங்குகிறது. தேக்கா சந்தையில் அவசரமில்லாமல் மீன் பார்த்து வாங்க முடிகிறது. சளி பிடித்த வாரத்தில் சற்றுப் பின்வாங்கியது, திரும்பக் குறைந்த இடைவெளியிலிருந்து கூட்டினேன். பயிற்சி போதவில்லையென்றால் மாத்திரையும் சேர்க்கலாம் என்றார் டாக்டர். அவற்றில் சில வாயை உலர்த்தும் என்பதால் நான் தள்ளிப்போட்டேன், தேவையும் வரவில்லை. எரிச்சல், வலி, சிறுநீரில் ரத்தம் என்றால் மட்டும் பயிற்சி என்று உட்காராமல் நேரே டாக்டரிடம் போய்விடுங்கள்.