கொலுசுப் பட்டறையில் ஆறு வருட டிகின்டர்: ஒரு கிளிக் இரண்டாக ஏறியது எப்படி?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் மாமாவுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை இருக்கிறது. 2019இல் அதற்கு ஒரு கணக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். மொழி பைத்தான், திரைக்கு டிகின்டர் (பைத்தானில் ஜன்னல், பட்டன் எல்லாம் உருவாக்கித் தரும் கருவித் தொகுப்பு). அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆறு வருடத்தில் அதில் நான் அதிக நேரம் செலவிட்டது எடைக் கணக்குக்கோ பில்லுக்கோ இல்லை, மவுஸ் கிளிக்குக்குத்தான்.

காலையில் வேலையாட்களுக்கு வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார்கள். பற்றவைத்து, சலங்கை கோத்து, கொலுசாகத் திரும்பி வரும்போது மறுபடியும் தராசில் ஏறும். கொடுத்தது, வந்தது, சேதாரம் எல்லாம் ஆள்வாரியாகப் பதிவாக வேண்டும். ‘பதிவு’ பட்டனை அழுத்தினால் ஒரு வரி ஏறும். அந்த வரி இரண்டாக ஏறிவிட்டால், 250 கிராம் வாங்கியவர் பெயரில் 500 கிராம் நிற்கும். கூலி வாங்க வந்த மனிதர் தன் கைக்கே வராத வெள்ளிக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். அப்படி ஒருவரை நிற்க வைக்க எனக்கு மனசு வரவில்லை.

அந்த வருடத் தீபாவளி நெருக்கத்தில் கணக்கு பார்க்கும் அக்கா போன் செய்தார். “தம்பி, இன்னைக்கும் ஒருத்தருக்கு ரெண்டு தடவை ஏறியிருக்குது. நான் ஒருக்காத்தான் அமுக்குனேன்.”

அக்கா சொன்னதை அப்படியே நம்பித்தான் தேட ஆரம்பித்தேன். பத்து வரியில் ஒரு சோதனைப் புரோகிராம் எழுதினேன். மவுஸ் பட்டன் கீழே போகும்போதும் மேலே வரும்போதும் நேரத்தை மில்லிசெகண்டில் காட்டும். டிகின்டரில் ஒவ்வொரு ஈவென்ட்டோடும், அதாவது கிளிக் போல நடக்கும் ஒவ்வொன்றோடும், ‘டைம்’ என்று ஒரு எண் வரும், அது போதும். அக்கா பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன். அவர் ஒரு தடவை அழுத்துகிறார், திரையில் அழுத்தம், விடுதல், அழுத்தம், விடுதல் என நான்கு வரி விழுகிறது. நான்கும் 40 மில்லிசெகண்டுக்குள். எந்த விரலும் அவ்வளவு வேகமாக இரண்டு தடவை அழுத்தாது. மவுஸுக்குள் இருக்கும் சின்ன சுவிட்ச் தேய்ந்து போயிருந்தது. புது மவுஸ் வாங்கி மாட்டினோம்.

இரட்டைப் பதிவு குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அப்படியென்றால் மீதிக் கோளாறு என் புரோகிராமில்தான்.

அழுத்தினால் எந்த வேலை ஓட வேண்டும் என்று சொல்ல பட்டனுக்கே உரிய வழி ‘கமாண்ட்’. அதை நான் கொடுக்கவில்லை. ‘பைண்ட்’ போட்டு, இடது மவுஸ் பட்டன் ஈவென்ட்டோடு கட்டியிருந்தேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல வேலை செய்யும், உள்ளே வேறு. ‘கமாண்ட்’ என்றால், பட்டன் மேல் அழுத்தி அதன் மேலேயே விட்டால்தான் வேலை நடக்கும். தவறி அழுத்திவிட்டால், விடாமல் வெளியே இழுத்துப் போய்த் தப்பிக்கலாம். நான் கட்டியிருந்த ‘பைண்ட்’ அழுத்திய நொடியிலேயே ஓடிவிடும். அதைவிடப் பெரிய விஷயம், பட்டனை ‘டிஸேபிள்ட்’ ஆக்கினாலும், அதாவது அழுத்த முடியாதபடி மூடினாலும், ‘பைண்ட்’ அதைக் கண்டுகொள்ளாது. திரையில் பட்டன் மங்கலாகத் தெரியும், அழுத்தினால் பதிவு ஏறும். பட்டனை மூடிவிட்டேன், இனி பயமில்லை என்று நான் நினைத்திருந்த நாட்களிலும் அது திறந்துதான் இருந்திருக்கிறது.

சரி, ‘கமாண்ட்’டுக்கு மாற்றினேன். அப்போதும் வாரத்துக்கு ஒன்று வந்தது. கடைசிக் காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான் ரொம்ப நாள் ஆனது. பதிவு ஏறியதும் சீட்டு பிரிண்ட் ஆகும், அதற்கு இரண்டு மூன்று செகண்ட் பிடிக்கும். அந்த நேரம் முழுக்க திரை உறைந்து நிற்கும். ஒன்றும் நடக்கவில்லையே என்று அக்கா இன்னொரு தடவை அழுத்துவார். அந்தக் கிளிக் காணாமல் போகாது, வரிசையில் காத்திருக்கும். பட்டனை அழுத்தினால் ஓடும் என் ஃபங்ஷனோ தொடக்கத்தில் பட்டனை மூடி, பிரிண்ட் முடிந்ததும் தன் கடைசி வரியில் திறந்துவிடும். காத்திருந்த கிளிக் அதற்கப்புறம்தான் வந்து சேரும். அது பார்ப்பது திறந்த பட்டனை.

இப்போது பிரிண்ட் வேலை தனி த்ரெட்டில், அதாவது திரையை நிறுத்தாமல் பக்கத்திலேயே நடக்கும் இன்னொரு ஓட்டத்தில், ஓடுகிறது. அந்த த்ரெட் திரையில் எதையும் தொடாது, தொடவும் கூடாது. முடிந்த சேதியை ஒரு க்யூவில் (வரிசையில்) போடும். திரைப்பக்கம் ‘ஆஃப்டர்’ (இவ்வளவு நேரம் கழித்து இதை ஓட்டு என்று டிகின்டரிடம் சொல்வது) வைத்து 100 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்து, சேதி வந்தபின் பட்டனைத் திறக்கிறேன். அதுவரை பட்டனில் ‘பதிவாகிறது’ என்று எழுத்து மாறியிருக்கும். அந்த எழுத்து வந்தபின் அக்கா இரண்டாம் தடவை அழுத்துவதே நின்றுவிட்டது. கூடவே ஒவ்வொரு சீட்டுக்கும் ஃபாரம் திறக்கும்போதே ஒரு எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் ஏற்காதபடி, பதிவுகளைச் சேமிக்கும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸின் டேபிளில் ‘யூனிக்’ போட்டுவிட்டேன். வேறு எதுவும் செய்ய நேரமில்லாதவர்கள் இதை மட்டுமாவது செய்துவிடுங்கள்.

நடுவில் வந்த வேறு சில கோளாறுகளையும் சொல்லிவிடுகிறேன். வேலையாட்கள் பெயர் பட்டன்களை லூப்பில் உருவாக்கும்போது, லாம்டாவுக்குள் (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்) பெயரை அந்த இடத்திலேயே டிஃபால்ட்டாகப் பிடித்து வைக்காவிட்டால், யாரை அழுத்தினாலும் பட்டியலில் கடைசி ஆள் கணக்கில் ஏறும். ஃப்ரேமுக்கு (மற்றவற்றை உள்ளே வைக்கும் பெட்டி) கிளிக் கட்டினால் அதன் மேலுள்ள லேபிளை (எழுத்துப் பட்டை) அழுத்தும்போது ஃப்ரேமுக்குச் சேதி போகாது, லேபிளுக்கும் தனியாகக் கட்ட வேண்டும். கொலுசு மாடல் படங்களை கேன்வாஸில் (படம் வைக்கும் பரப்பு) வரிசையாக வைத்திருக்கிறேன். கீழே ஸ்க்ரோல் செய்தபின் ஒரு மாடலை அழுத்தினால் வேறு மாடல் வந்தது. ஈவென்ட் தருவது ஜன்னலுக்குள் இருக்கும் இடத்தை, கேன்வாஸில் இருக்கும் இடத்தை இல்லை. கேன்வாஸ்எக்ஸ், கேன்வாஸ்ஒய் என்ற இரண்டு ஃபங்ஷன்களும் அதை மாற்றித் தரும்.

“அமுக்குனா ஒண்ணுமே ஆகல” என்ற புகார் தனி வகை. கிளிக் வந்திருக்கும், ஃபங்ஷனும் ஓடியிருக்கும், பாதியில் பிழை வந்து நின்றிருக்கும். டிகின்டர் அந்தப் பிழையை கன்சோலில் (எழுத்து மட்டும் வரும் கறுப்பு ஜன்னல்) மட்டும் எழுதிவிட்டு அமைதியாக அடுத்த வேலைக்குப் போய்விடும். விண்டோஸில் கன்சோல் இல்லாமல் ஓடும் புரோகிராமில் அது யார் கண்ணிலும் படாது. ‘ரிப்போர்ட் கால்பேக் எக்ஸெப்ஷன்’ என்ற ஃபங்ஷனை மாற்றி எழுதி, பிழைகளை ஒரு ஃபைலில் சேர்க்கிறேன். எடைக் கட்டத்தில் யாரோ புள்ளிக்குப் பதில் கமா அடித்திருந்ததை அந்த ஃபைலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

டிகின்டரைப் பற்றிக் கேட்டால், பட்டறை மாதிரி இடத்துக்கு நான் மறுபடியும் அதையே எடுப்பேன். விண்டோஸில் பைத்தானோடு சேர்ந்தே வருகிறது, பழைய கம்ப்யூட்டரிலும் சுணங்காமல் ஓடுகிறது. டிகின்டருக்கு அடியில் இருந்து திரையை வரையும் டிகே, ஜான் அவுஸ்டர்ஹவுட் 1988இல் தொடங்கிய டிசிஎல் மொழிக்காக உருவானது. அவ்வளவு வயதான அடித்தளம் என்பதால், இந்த ஆறு வருடத்தில் பைத்தானை மூன்று தடவை மாற்றியும் திரைப்பக்கம் ஒரு வரிகூட நான் திருத்த வேண்டியிருக்கவில்லை. அழகான திரை வேண்டுமென்றால் வேறு பார்க்கலாம்.

அந்தத் தீபாவளிக்கு அப்புறம் அக்கா ஒரு நோட்டில் பென்சிலால் தனியாக எடை எழுத ஆரம்பித்தார். இப்போதும் எழுதுகிறார், நானும் நிறுத்தச் சொல்லவில்லை. சனிக்கிழமை கூலி பிரிக்கும் முன் நோட்டையும் திரையையும் ஆள் ஆளாக ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் பணப்பெட்டியைத் திறக்கிறார்.