புதைபடிவமும் காலநிலையும் கற்பிக்க: களமா, முப்பரிமாணப் படிமமா, சிமுலேஷனா?

பள்ளியில் புவி அறிவியல் கற்பிக்கும் தமிழக ஆசிரியர் பெரும் செலவின்றிப் பயன்படுத்தக்கூடிய வழிகளில் மூன்றை இங்கே ஒப்பிடுகிறேன். முதலாவது, அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம் மாவட்டங்களின் புதைபடிவக் களங்கள். இரண்டாவது, நியூயார்க் மாநிலம் இத்தாக்காவிலுள்ள தொல்லுயிரியல் ஆய்வு நிறுவனம் இணையத்தில் வழங்கும் புதைபடிவங்களின் முப்பரிமாணப் படிமங்களும் காலநிலை மாற்றம் பற்றிய ஆசிரியர் கையேடும். மூன்றாவது, கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) திட்டம் உருவாக்கிய பசுமைக்குடில் விளைவுச் சிமுலேஷன், அதாவது கணினித் திரையில் மாணவர் இயக்கிப் பார்க்கும் மாதிரி. பாறைக்குள் கிடக்கும் பழைய உயிருக்கும் நாம் சுவாசிக்கும் காற்றுக்கும் உள்ள உறவை எது தெளிவாக விளக்குகிறது என்பதே எனது அளவுகோல்.

களங்கள் எல்லாம் ஒரே தரத்தன அல்ல. விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையில் ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டு பழைமையான கல்மரங்கள் ஒரே இடத்தில் பல கிடப்பதால், சிறு வகுப்பினருக்கு அது சிறந்த தொடக்கம். ஆனால் காலநிலையைப் பற்றிப் பேச அங்கே பிடிமானம் குறைவு. பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள ஒற்றைக் கல்மரம் வியப்பூட்டும். அந்த வியப்பைப் பாடமாக்குவது ஆசிரியரின் பொறுப்பு. என் பார்வையில் பாடத்துக்கு மிகவும் வளமான இடம் அரியலூர் வட்டாரமே. கடலிலிருந்து வெகு தொலைவில், காரையின் களிமண் மேடுகளில் அம்மோனைட்டுகளும் (அழிந்துபோன சுருள் ஓட்டுக் கடல் உயிரிகள்), கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் அடுக்கடுக்காகச் சிப்பிகளும் இருப்பதைப் பார்க்கும் மாணவர், துருவங்களில் பனி மிகக் குறைவாகவும் கடல்மட்டம் இன்றையதைவிட மிக உயரமாகவும் இருந்த கிரெட்டேசியக் காலத்தை (ஏறத்தாழ 14.5 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்) எவரும் சொல்லாமலேயே ஊகிக்கத் தொடங்குவார்.

அதைவிட முக்கியமான பாடம் அருகிலுள்ள சிமெண்ட் ஆலைகளில் இருக்கிறது. கடல் உயிரிகள் நீரிலிருந்த கார்பனை ஓடுகளாகக் கட்டியதால் உருவான அதே சுண்ணாம்புக்கல் சூளையில் சுடப்படும்போது, 100 கிலோ தூய கால்சியம் கார்பனேட்டிலிருந்து 44 கிலோ கார்பன் டைஆக்சைடு வெளியேறுகிறது. சூளைக்கு எரிக்கும் நிலக்கரியின் புகை இக்கணக்கில் சேரவில்லை. புதைபடிவமும் காலநிலை மாற்றமும் ஒரே பாடம் என்பதை இவ்வளவு நேராகக் காட்டும் வேறு இடம் தமிழகத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எனினும் களம் தனித்து நின்றால் ஓர் ஆபத்து உண்டு. அக்காலத்தில் உலகம் இதைவிட வெப்பமாக இருந்ததே, இப்போது மட்டும் ஏன் கவலை என்று மாணவர் கேட்பார். அது நல்ல கேள்வி. விடை மாற்றத்தின் வேகத்தில் இருக்கிறது. ஹவாயிலுள்ள மௌனா லோவா ஆய்வகத்தில் 1958-ல் அளவீடு தொடங்கியபோது ஏறத்தாழ 315 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 315 பங்கு) ஆக இருந்த கார்பன் டைஆக்சைடு, எழுபது ஆண்டுகள் நிறையும் முன்பே 420-ஐத் தாண்டிவிட்டது. இந்த வாயு வெப்பத்தை எப்படித் தடுத்து வைக்கிறது என்பதை விளக்க ஃபெட் சிமுலேஷனை மிஞ்ச இயலாது: பனியூழி, 1750, 1950 என்று காலத்தை மாற்றி, அகச்சிவப்புக் கதிர்கள் மேலே தப்பிச் செல்வதையும் கீழே திரும்புவதையும் மாணவரே பார்க்கலாம். ஒருமுறை பதிவிறக்கிவிட்டால் இணையமின்றியும் இயங்கும் என்பது கிராமப்புறப் பள்ளிகளுக்குப் பெரிய வசதி. அதன் குறை, கோடிக்கணக்கான ஆண்டுகளின் நீட்சியை அதனால் உணர்த்த முடியாது என்பதே.

முப்பரிமாணப் படிமங்கள் மூன்றாம் இடத்தில் நிற்கின்றன. அம்மோனைட்டைத் திருப்பித் திருப்பி அதன் ஓட்டின் அமைப்பை ஆராய அவை மிகவும் ஏற்றவை. எடையையும் சூழலையும் அவை தருவதில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஆசிரியர் கையேடு, ஐயங்களுக்கு ஆசிரியர் எப்படி விடையளிக்கலாம் என்பதில் கவனமாக எழுதப்பட்டது. ஆயினும் அது அமெரிக்க ஆசிரியர்களுக்கான ஆங்கில நூல் என்பதால், மாணவர் கைக்குப் போவதைவிட ஆசிரியரின் மேசையில் இருப்பதே பொருத்தம்.

ஆகவே திருச்சி, பெரம்பலூர், அரியலூர்ப் பள்ளிகள் முதலில் வகுப்பில் சிமுலேஷனைக் காட்டிவிட்டு, பின்னர் களத்துக்குச் செல்ல வேண்டும். தொலைவிலுள்ள பள்ளிகளுக்குச் சிமுலேஷனும் படிமங்களும் சேர்ந்தே போதும். இயங்கும் சுரங்கங்களுக்குள் அனுமதியின்றி மாணவர்களை அழைத்துச் செல்லக் கூடாது. அனுமதி கிடைக்காவிட்டால் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் அதே வட்டார மாதிரிகளைப் பாதுகாப்பாகக் காட்டலாம். களத்தில் கண்டதைப் படமெடுத்து, அளந்து, குறிப்பேட்டில் வரையச் சொல்லுங்கள். ஒரு துண்டைக்கூட எடுத்துவர விடாதீர்கள், ஏனெனில் அடுத்த ஆண்டு வரும் வகுப்புக்கும் அது அங்கேயே இருக்க வேண்டும்.