மெஷின், கடன், விற்பனை மூன்றையும் ஒரே ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னால் பணம் கட்டாதீர்கள்

போன வாரம் தம்பி மகன் வாட்ஸ்ஆப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். விளக்குத் திரி செய்யும் மெஷின். பஞ்சை நாங்களே தருவோம், திரியை நாங்களே எடுத்துக்கொள்வோம், மாதம் 40,000 உறுதி, முத்ராவில் 35 சதவீத மானியத்தோடு கடனும் நாங்களே வாங்கித் தருவோம் என்று ஒருவர் மூச்சு விடாமல் பேசுகிறார். "பெரியப்பா, டோக்கன் அட்வான்ஸ் 20,000 கட்டச் சொல்றாங்க, கட்டிடலாமா?" என்று கேட்டிருந்தான். படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. 2018-ல் இதே பேச்சை, ஏறக்குறைய இதே வார்த்தைகளில், கோயம்புத்தூரில் ஒரு ஹோட்டல் ஹாலில் உட்கார்ந்து நானும் என் மனைவியும் கேட்டோம். அப்போது அது பேப்பர் கப் மெஷின்.

முத்ரா என்பது சிறுதொழிலுக்கு வங்கி மூலம் கிடைக்கும் கடன், அதற்கென்று மானியம் கிடையாது. அதை அவனுக்கு உடனே பதில் போட்டுவிட்டேன். மீதியை இங்கே எழுதுகிறேன். அவனைப் போல இன்னும் எத்தனை பேர் அட்வான்ஸை எண்ணிக் கையில் வைத்திருக்கிறார்களோ தெரியாது.

எங்கள் ஊர் பவானி பக்கம். நான் நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்தேன். சொந்தமாக ஒரு தொழில் வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. 2018 பிப்ரவரியில் "இலவச தொழில் பயிற்சி முகாம்" என்று விளம்பரம் பார்த்துப் போனோம். மதியச் சாப்பாடு போட்டார்கள். அப்புறம் மெஷினை ஓட்டிக் காட்டினார்கள். கப் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுவதைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்த நிறுவனத்துக்காரர் போர்டில் கணக்கு எழுதினார். நிமிடத்துக்கு 60 கப், இரண்டு ஷிப்டுக்கு 16 மணி நேரம், ஆக ஒரு நாளைக்கு 57,600 கப். மூலப்பொருள் அவர்களுடையது, கப்புக்கு நமக்கு 10 காசு கூலி. நாளுக்கு 5,760 ரூபாய், மாதம் 25 நாள் ஓட்டினாலும் 1,44,000. மில்லில் வருடக்கணக்கில் மெஷினோடு இருந்தவன் நான். எந்த மெஷினும் 16 மணி நேரம் நிற்காமல் ஓடாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் மனைவி நோட்டில் அந்த எண்களை எழுதிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்குக் கேட்க வாய் வரவில்லை.

கடன் விஷயத்தையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், பி.எம்.இ.ஜி.பி. என்பார்கள். பெண் பெயரில், கிராமத்தில் தொடங்கினால் 35 சதவீத மானியம், சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும். இது உண்மையான திட்டம்தான், அதில் பொய் இல்லை. விண்ணப்பிக்கக் கட்டணமும் இல்லை. ஆனால் திட்ட அறிக்கை எழுத எங்களிடம் 25,000 வாங்கினார்கள். உத்யோக் ஆதார் என்ற சிறுதொழில் பதிவுக்கு 2,500. அதுவும் அரசு இலவசமாகத் தந்ததுதான். 2020 ஜூலையிலிருந்து அது உத்யம் பதிவு என்று மாறிவிட்டது. இன்றும் இலவசம். இன்றும் அதற்குப் பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

திட்ட மதிப்பு 12 லட்சம் என்று எழுதினார்கள். மெஷின் 9,40,000, ஷெட்டுக்கும் வயரிங்குக்கும் 60,000, நடைமுறை மூலதனம் 2 லட்சம். தொழில்முனைவோர் பயிற்சிக்கு என் மனைவி போனபோது, மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். மெஷின் நிறுவனத்துக்காரரிடம் அதைச் சொன்னோம். மறுநாளே மூன்று லெட்டர்பேடில் மூன்று கொட்டேஷன் கொண்டுவந்து கொடுத்தார். மற்ற இரண்டும் கொஞ்சம் கூடுதல் விலையில். மூன்றுமே அவர் தயார் செய்ததுதான் என்று பின்னால் தெரிந்தது. அதே மெஷினை வேறொருவர் அந்த வருடமே 6,80,000-க்கு வாங்கியிருந்தார்.

இன்னொன்றும் நடந்தது. அதை மறைத்துவிட்டு இந்தப் பதிவை எழுதினால் நியாயம் இல்லை. எங்கள் பங்கு 60,000-ஐக் கட்டக் கையில் பணம் இல்லை. "நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க சார், நாங்க போட்டுடறோம், கொட்டேஷன்லயே அதுவும் இருக்கு" என்றார். மனைவி கணக்கில் பணத்தைப் போட்டார், வங்கியில் அது எங்கள் பங்காகக் காட்டப்பட்டது. நமக்கு உதவி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். உண்மையில் அந்த 60,000-ஐயும் அதற்கு மேல் இரண்டு லட்சத்தையும் எங்கள் கடனிலிருந்தே எடுத்துக்கொண்டார். பின்னால் புகார் கொடுக்கப் போனபோது என் வாயை அடைத்ததும் இதுதான்.

மானியம் என்றால் கையில் கிடைக்கும் பணம் என்று நினைத்திருந்தோம். அப்படி இல்லை. எங்கள் 4,20,000 மானியம் வங்கியிலேயே வைப்புத்தொகையாக மூன்று வருடம் கிடக்கும். அதற்கு வட்டி வராது, அந்த அளவு கடனுக்கு வட்டியும் போடமாட்டார்கள். மூன்று வருடம் கழித்து, தொழில் நடக்கிறதா என்று நேரில் வந்து பார்த்த பிறகே கடனில் கழிப்பார்கள். மீதி 7,20,000-க்கு மாதத் தவணை 15,000-க்கு மேல். அதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால், மூன்று வருடம் ஓடக்கூடிய தொழிலா இது என்று யோசித்திருப்போம்.

இதற்கு நடுவில் 2018 ஜூன் 5 அன்று, வரும் ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். எங்கள் கடன் பணம் அப்போது வெளியே போயிருக்கவில்லை. நான் பதறிப்போய் அவருக்குப் போன் செய்தேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "சார், இது உங்களுக்கு லாட்டரி. பிளாஸ்டிக் கப் போச்சுன்னா டீக்கடைக்காரன் எங்க போவான்? பேப்பர் கப்புக்குத்தான் வரணும்" என்றார். கேட்கச் சரியாகத்தான் இருந்தது. ஊரில் நான்கு பேரிடம் நானே அதைத் திரும்பச் சொன்னேன்.

ஜூன் 25 அன்று அரசாணை வந்தது. தடை செய்யப்பட்ட 14 பொருட்களில் பிளாஸ்டிக் பூச்சு பூசிய காகிதக் கப்பும் ஒன்று. அதை நாங்கள் படிக்கவில்லை. படித்திருந்தாலும் அது நம் கப்தான் என்று புரிந்திருக்குமா, தெரியவில்லை. ஏனென்றால் பேப்பர் கப் எப்படி உருவாகிறது என்பதையே மெஷின் வந்த பிறகுதான் பார்த்தேன். அதில் பசையே கிடையாது. காகிதத்தின் உள்பக்கம் மெல்லிய பாலிஎத்திலீன் பூச்சு இருக்கிறது. ஹீட்டர் சூட்டில் அந்தப் பூச்சு உருகித்தான் பக்கவாட்டும் அடித்தட்டும் ஒட்டுகின்றன. ஒரு கப்பைச் சுடுதண்ணீரில் நன்றாக ஊறவைத்துக் கிழித்துப் பாருங்கள், உள்ளே கண்ணாடித் தாள் போல ஒன்று உரிந்து வரும். பிளாஸ்டிக் இல்லாவிட்டால் அந்த மெஷினில் கப் ஒட்டாது. இந்த வியாபாரத்திலேயே இருக்கிறவருக்கு அரசாணையின் அந்த வரி புரியாமலா இருந்திருக்கும்? ஆகஸ்ட்டில் வங்கி நேராக அவர் கணக்குக்குப் பணம் அனுப்பியது. வாங்கிக்கொண்டார்.

அக்டோபரில் ஓட்ட ஆரம்பித்தோம். ஷெட்டுக்கும் மும்முனை மின் இணைப்புக்கும் கடனில் எழுதியது பத்தாமல் மனைவியின் நகையை அடகு வைத்தோம். மூலப்பொருளுக்கு டெபாசிட் என்று 1,50,000-ஐ ரொக்கமாக வாங்கினார். ரசீது கேட்டதற்கு ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது என்றார். அந்த ஒப்பந்தம் ஆங்கிலத்தில், 100 ரூபாய் பத்திரத்தில் இருந்தது. மனைவி கையெழுத்துப் போட்டாள். நான் சாட்சி.

நல்ல நாளில் 14,000 கப் வந்தது. காலையில் ஹீட்டர் சூடேறவே நேரம் ஆகும். திடீரென்று பக்கவாட்டு ஒட்டாமல் பிரியும், அடித்தட்டு கசியும், மெஷினை நிறுத்திச் சரிசெய்ய வேண்டும். மாதம் 35,000 கூலி என்று வைத்தாலும், வேலைக்கு வந்த இரண்டு பெண்களுக்கு 17,500, மின்சாரத்துக்கு 5,000-க்கு மேல். மிஞ்சுவது தவணைக்கே போதாது. அதுவும் கூலி ஒழுங்காக வந்தால். முதல் லோடுக்குச் செக் வந்தது. இரண்டாவது லோடில் பாதி கசிகிறது என்று திருப்பிவிட்டார்கள். மூன்றாவதை எடுக்கவே வரவில்லை. ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனேன். தரம் பற்றி நிறுவனத்தின் முடிவே இறுதியானது, எடுப்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம் என்று ஒரு வரி இருப்பதை அவர் விரல் வைத்துக் காட்டினார். "திரும்ப வாங்குவோம்" என்ற பேச்சு அந்த ஒரு வரியில் ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

ஜனவரியில் தடை அமலுக்கு வந்தது. சரக்கு மூட்டைகள் திண்ணை வரைக்கும் அடுக்கியிருந்தன. அதிகாரிகள் கடை கடையாகப் பறிமுதல் செய்ய ஆரம்பித்ததும், எங்களிடம் நேராக வாங்கிக்கொண்டிருந்த டீக்கடைக்காரர்கள்கூட வேண்டாம் என்று கைகூப்பிவிட்டார்கள். நிறுவனத்துக்காரரின் போன் அணைந்து கிடந்தது. கோயம்புத்தூருக்குப் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் வேறு போர்டு தொங்கியது. தயாரிப்பாளர்கள் போட்ட வழக்கை நம்பி ஆறு மாதம் காத்திருந்தோம். 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தடை செல்லும் என்றது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் பேப்பர் கப் தடையை உறுதி செய்துவிட்டது.

மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்தோம். ஆய்வாளர் கேட்டவை இரண்டே கேள்விகள். ரொக்கமாகக் கொடுத்த 1,50,000-க்கு ரசீது எங்கே? கூட்டி எழுதிய கொட்டேஷன் என்று தெரிந்துதானே நீங்களும் கையெழுத்துப் போட்டீர்கள்? இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. மனு ரசீது மட்டும் தந்து அனுப்பினார்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கிய மெஷின் என்றால் நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போகலாம், வக்கீல் கட்டாயம் இல்லை என்பது எனக்கு மிகவும் தாமதமாகத்தான் தெரிந்தது. அதற்கு இரண்டு வருடக் கெடு உண்டு. நான் விசாரித்த நேரத்தில் கெடு முடிந்திருந்தது. உங்களில் யாராவது இப்போது இந்த நிலையில் இருந்தால், போன் எடுப்பார், பேசி முடித்துக்கொள்ளலாம் என்று நாளைக் கடத்தாதீர்கள்.

மெஷின் வங்கிக்கு அடமானம் என்பதால் நாமாக விற்க முடியாது. மேலாளரிடம் அனுமதி வாங்கி, ஆந்திரா பக்கம் ஒரு வியாபாரிக்கு 2,10,000-க்குக் கொடுத்தோம். அது நேராகக் கடனுக்குப் போனது. மூன்று வருடம் முடிந்து பார்க்க வந்தவர்களுக்குக் காட்ட வெறும் ஷெட்தான் இருந்தது, மானியம் எங்களுக்குச் சேரவில்லை. அப்பா வைத்திருந்த நிலத்தில் ஒரு பகுதியை விற்றுக் கடனை அடைத்தோம். நகை இன்னும் முழுதாக மீளவில்லை. நான் திரும்பவும் மில்லுக்கே போனேன்.

எனக்கு உறுத்துவது இதுதான். மெஷின் விற்றவரே திட்ட அறிக்கை எழுதினார், அவரே வங்கியில் பேசினார், சரக்கை வாங்குவதாகவும் அவரே சொன்னார், தடை பற்றிச் சந்தேகம் வந்தபோது நான் யோசனை கேட்டதும் அவரிடமே. ஒரே ஒரு டீக்கடைக்காரரையோ, கப் மொத்த வியாபாரம் செய்கிறவரையோ, ஏற்கனவே அந்த மெஷினை ஓட்டுகிற ஒருவரையோ நானாகத் தேடிப் போய்ப் பார்க்கவில்லை. அவர் கூட்டிப்போய்க் காட்டிய ஒரு யூனிட்டை மட்டும் பார்த்தேன். அங்கே பேசியவர் அவருடைய ஆள்.

தம்பி மகனிடம் இப்போது மூன்று வேலை சொல்லியிருக்கிறேன். ஈரோட்டில் திரி மொத்தமாக வாங்கும் பூஜைக் கடைகளில் கிலோ என்ன விலைக்கு எடுக்கிறார்கள், யாரிடம் எடுக்கிறார்கள் என்று அவனே போய்க் கேட்கவேண்டும். அந்த மெஷினை ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டுகிற இரண்டு பேரை, வீடியோக்காரர் காட்டாமல், அவனே கண்டுபிடிக்கவேண்டும். ஒப்பந்த நகலை முன்கூட்டியே கேட்டு வாங்கவேண்டும். நகலை அட்வான்ஸ் கட்டிய பிறகுதான் தருவோம் என்று பதில் வந்திருக்கிறதாம். அவன் இன்னும் பணம் கட்டவில்லை. திங்கட்கிழமை மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு, இந்த மாதிரிக் கடன், மானியத் திட்டங்களை விசாரிக்க அவனைக் கூட்டிக்கொண்டு அரசின் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகிறேன்.