4கே ஸ்டிக்கரை நம்பி ஏமாந்தேன்: வேலூரில் டிவி வாங்கப் போகிறவர்கள் படிக்கவும்

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம், பெயரே கேள்விப்படாத கம்பெனியின் "4கே ஸ்மார்ட் டிவி" (4கே என்றால் நிறைய புள்ளிகளால் ஆன மிகத் தெளிவான படம்) பதினாறாயிரத்துக்குக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், பணத்தை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 16,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். அதைவிட, ஒரு தப்பும் செய்யாத நெட் பையனை மூன்று மாதம் வாய்க்கு வந்தபடி திட்டியதுதான் இன்னும் உறுத்துகிறது.

2025 ஆடித் தள்ளுபடியில் வாங்கியது. 43 இன்ச். ஓரத்தில் மஞ்சள் ஸ்டிக்கர், அதில் பெரிதாக 4கே. கடையில் ஓடிய டெமோவில் கிளியும் பூவும் பளபளவென்று இருந்தன. (நிறத்தை ஏற்றிவைத்து பென் டிரைவில் ஓட்டினால் எந்த டிவியும் பளபளக்கும். அது அப்போது தோன்றவில்லை.) பில் கேட்டதற்கு, கடைக்காரர் "ஜிஎஸ்டி பில்லு போட்டா 28 பர்சன்ட் ஏறும் சார், எஸ்டிமேட்லயே போட்டுக்கலாமா?" என்றார். 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கு அப்போது 28 சதவீதம் என்பது உண்மைதான், செப்டம்பர் 22 முதல்தான் 18 ஆனது. நானும் தலையாட்டிவிட்டேன். சீட்டில் "எல்இடி டிவி 43 - 1" என்று மட்டும் எழுதியிருந்தது. 4கே என்ற பேச்சே அதில் இல்லை.

காட்பாடியில் வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினோம். நெட்ஃப்ளிக்ஸில் 4கே கிடைப்பது மேல்தட்டுத் திட்டத்தில் மட்டும் என்பதால் மாதம் 649 ரூபாய் திட்டத்துக்கு மாறினேன். படம் போட்டால் முகமெல்லாம் மெழுகு பூசின மாதிரி. இருட்டுக் காட்சி வந்தால் கட்டம் கட்டமாக நகர்ந்தது. அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கண்புரை ஆபரேஷனைச் சரியாகச் செய்யவில்லையோ என்று அவருக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

எனக்குச் சந்தேகம் நெட் மேல். தெருவுக்கு ஃபைபர் கொடுக்கும் தம்பிக்கு தினமும் போன். 40 எம்பிபிஎஸ் நெட் வேகம் போதாது என்று நானே முடிவு செய்து 100-க்கு ஏற்றினேன். புது ரவுட்டர் 2,800 ரூபாய். ஒன்றும் மாறவில்லை. யூடியூப் மட்டும் ஓரளவு தெளிவாக வந்ததில் குழப்பம் இன்னும் கூடியது.

கடைசியில் அந்தத் தம்பி நேரில் வந்தார். வேகம் பார்த்தார், 94 காட்டியது. அப்புறம் என் கணக்கைத் திறந்து, "நேத்து நைட்டு படம் பாத்தீங்களா சார்?" என்றார். இரண்டரை மணி நேரப் படம் பார்த்தோம் என்றேன். "4கேன்னா மணிக்கு ஏழு ஜிபி வரைக்கும் இழுக்கும் சார். உங்களுக்கு மொத்தமே ரெண்டு ஜிபிகூட ஓடல. நெட்டு குடுக்கறத டிவிதான் வாங்க மாட்டேங்குது."

4கே-க்கு நெட்ஃப்ளிக்ஸே கேட்பது 15 எம்பிபிஎஸ்தான். 40 தாராளம்.

அப்பா பஞ்சாங்கம் பார்க்கும் பூதக்கண்ணாடியை அந்தத் தம்பியே கேட்டு வாங்கினார். திரையை வெள்ளையாக்கி, என் பெண்ணின் ஸ்கேலை அதன் மேல் வைத்தார். லென்ஸுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கோடுகள் சேர்ந்து ஒரு புள்ளி. ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை என்று எண்ணினோம். பதினான்கு. 43 இன்ச் திரையின் அகலம் சுமார் 95 சென்டிமீட்டர். உண்மையான 4கே என்றால் குறுக்கே 3,840 புள்ளிகள், அதாவது சென்டிமீட்டருக்கு 40 இருக்கவேண்டும். ஃபுல் எச்டி என்றாலே 20. பதினான்கை 95-ஆல் பெருக்கினால் சுமார் 1,330, அதாவது எங்கள் வீட்டில் மாட்டியிருப்பது குறுக்கே 1,366 புள்ளிகள் உள்ள திரை. பரணில் இருந்த அட்டைப்பெட்டியை இறக்கிப் பார்த்தால், அடிப்பக்கத்தில் எறும்பு எழுத்தில் அதுவே அச்சாகியிருக்கிறது!

கூத்து அதோடு முடியவில்லை. நெட்ஃப்ளிக்ஸ் மாதிரி நெட்டில் படம் காட்டும் ஓடிடிக்காரர்கள் படத்தைப் பூட்டுப் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். ஆண்ட்ராய்டு டிவிகளில் அந்தப் பூட்டுக்கு வைட்வைன் என்று பெயர். சிப்புக்குள்ளேயே பாதுகாப்பாகத் திறப்பது எல்1, வெறும் மென்பொருளில் திறப்பது எல்3. எல்3 டிவிக்கு நெட்ஃப்ளிக்ஸ் 480 வரிசைப் புள்ளிகளுக்கு மேல் அனுப்பாது, நீங்கள் எந்தத் திட்டத்துக்குப் பணம் கட்டினாலும் சரி. 'டிஆர்எம் இன்ஃபோ' என்ற இலவச ஆப்பைப் போட்டுப் பார்த்தோம், எல்3. யூடியூபின் இலவச வீடியோக்களுக்கு இந்தப் பூட்டு கிடையாது, அதனால்தான் அது மட்டும் தேறியது.

கடைக்குப் போனேன். "4கே சப்போர்ட்டுன்னுதான சார் சொன்னோம், 4கே பேனல்னு சொன்னமா?" என்றார் கடைக்காரர். பேனல் என்றால் திரை. 4கே வீடியோவை வாங்கிச் சுருக்கிக் காட்டுமாம், அதற்குப் பெயர் சப்போர்ட்டாம். நாலாயிரம் திருப்பித் தருகிறேன் என்றார், மறுத்துவிட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, அதற்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் கையில் இருப்பது எஸ்டிமேட் சீட்டும் ஜிபே ரசீதும்தான். பில் இருந்தால் இவ்வளவு இழுத்திருக்காது.

வாங்கப் போகிறவர்கள் ஸ்டிக்கரை விட்டுவிட்டு பெட்டியில் 3840 x 2160 என்ற எண்ணைத் தேடுங்கள். பில்லில் மாடல் எண்ணோடு அதையும் எழுதச் சொல்லுங்கள், எழுதத் தயங்கினால் அங்கேயே தெரிந்துவிடும். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் 'ஆர்' என்று தொடங்கும், பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் அது யாருடையது என்று காட்டும். டெமோவை நம்பாமல் உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் ஓடிடி ஒன்றைத் திறந்து இருட்டுக் காட்சி ஒன்றை ஓட்டிப் பாருங்கள்.

இப்போது டிவியில் செருகி ஓடிடி பார்க்கும், எல்1 உள்ள ஸ்டிக் ஒன்றை வாங்கிச் செருகியிருக்கிறேன். 4கே ஆகிவிடாது, ஆனால் மெழுகு முகம் போய்விட்டது, அப்பாவும் கண் டாக்டரைச் சந்தேகிப்பதை நிறுத்திவிட்டார். நெட்டை 40-க்கே இறக்கிவிட்டேன், நெட்ஃப்ளிக்ஸையும் 199 ரூபாய் திட்டத்துக்கு. தம்பியிடம் மன்னிப்புக் கேட்டதற்கு, "வுடுங்க சார், வாரத்துக்கு ரெண்டு பேரு இப்பிடித்தான்" என்றார்.

போன வாரம் அந்தக் கடை வழியாகப் போனேன். அதே டிவி, அதே கிளி, அதே மஞ்சள் ஸ்டிக்கர். விலை மட்டும் 15,999.